வாசகர் கேள்வி – பதில்: சொன்ன நேரத்தில் கூப்பிடுமா டைமர்?

வரைகலை நிரல்களில் ஒரு செயற்கூற்றை, அதாவது ஃபங்ஷனை, குறித்த நேரத்தில் இயங்கச் செய்வது பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்கள் பயன்படுத்தும் மொழிகளும் லைப்ரரிகளும் வெவ்வேறானவை என்றாலும், கடிதங்களை அடுத்தடுத்துப் படித்தபோது பெரும்பாலான சிக்கல்கள் ஒரே எதிர்பார்ப்பிலிருந்து பிறப்பதைக் கண்டேன். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பைத்தான் மொழியில் பைக்லெட் லைப்ரரியைக் கொண்டு சிறு விளையாட்டு ஒன்றை எழுதிப் பழகுகிறேன். மவுஸைச் சொடுக்கி இரண்டு விநாடி கழித்து ஒரு பந்து நகரத் தொடங்க வேண்டும். இதற்காகச் சொடுக்கைக் கவனிக்கும் செயற்கூற்றுக்குள் ஸ்லீப் கட்டளையை எழுதினேன். அந்த இரண்டு விநாடியும் சாளரம் முழுவதும் உறைந்துவிடுகிறது. மற்ற பந்துகளும் நின்றுபோகின்றன. அந்தப் பந்தை மட்டும் காத்திருக்கச் செய்வது எப்படி?

பதில்: நீங்கள் காத்திருக்கச் சொன்னது பந்தை அல்ல, நிரல் முழுவதையும்தான். பைக்லெட் உள்ளிட்ட பெரும்பாலான வரைகலை லைப்ரரிகளில் ஈவென்ட் லூப் என்னும் ஒற்றை மடக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. விசை அழுத்தப்பட்டதா, மவுஸ் நகர்ந்ததா, குறித்த நேரம் வந்த செயற்கூறு ஏதேனும் உண்டா, திரையை மறுபடி வரைய வேண்டுமா என்று அது முறைவைத்துப் பார்த்து, உரிய செயற்கூற்றைக் கூப்பிட்டு, அது முடிந்து திரும்பிய பிறகே அடுத்த வேலைக்குப் போகும். உங்கள் செயற்கூறு இரண்டு விநாடி தூங்கினால் மடக்கு அதன் வாசலிலேயே இரண்டு விநாடி நிற்கும். சாளரம் பதில் சொல்லவில்லை என்று இயங்குதளம் எச்சரிப்பதும் இதனால்தான்.

செய்ய வேண்டியது, இப்போதைய வேலையை உடனே முடித்துத் திரும்பிவிட்டு, 'இரண்டு விநாடி கழித்து இன்ன செயற்கூற்றைக் கூப்பிடு' என்று மடக்கிடமே சொல்லி வைப்பதாகும். அப்படிச் சொல்லி வைக்கப்படும் செயற்கூற்றையே கால்பேக் என்கிறோம். பைக்லெட்டின் கிளாக் பகுதியில் உள்ள ஷெட்யூல்_ஒன்ஸ் இதற்கென்றே அமைந்தது: செயற்கூற்றின் பெயரையும் காத்திருக்க வேண்டிய விநாடிகளையும் அதனிடம் கொடுத்தால் போதும். செயற்கூற்றின் பெயரை மட்டும் கொடுங்கள்; பெயருக்குப் பின் அடைப்புக்குறி இட்டால் அது அந்த இடத்திலேயே இயங்கிவிடும், அது திருப்பித் தந்த மதிப்புதான் கடிகாரத்தின் கைக்குப் போகும். கூப்பிடப்படும் செயற்கூறு முதல் அளபுருவாக ஒரு தசம எண்ணை ஏற்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். வழக்கமாக டிடி என்று பெயரிடப்படும் அந்த எண், உண்மையில் எத்தனை விநாடி கழிந்தது என்பதைச் சொல்கிறது. நீங்கள் 2 என்று கேட்டிருந்தாலும் அதில் 2.004 என்றோ 2.011 என்றோ இருக்கலாம். அந்தச் சிறு மிகுதி ஏன் வருகிறது என்பதை அடுத்த பதிலில் பார்க்கலாம்.

கேள்வி: க்ளட் லைப்ரரியைக் கொண்டு சி மொழியில், சுவரில் மோதித் திரும்பும் பந்துகளை வரைகிறேன். விநாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் வரையப்படும் படம்) வேண்டும் என்பதால் க்ளட்_டைமர்_ஃபங்க் செயற்கூற்றுக்கு 16 மில்லி விநாடி கொடுத்து, மோதல் கணக்குகளை எல்லாம் முடித்த பின் கடைசி வரியில் அதே டைமரை மீண்டும் பதிவு செய்கிறேன். ஒவ்வோர் அழைப்பிலும் பந்து 5 பிக்சல் நகரும். என் கணினியில் பந்து மெதுவாகவும் நண்பரின் கணினியில் வேகமாகவும் ஓடுகிறது. இருவரும் கொடுத்தது அதே 16தானே?

பதில்: நான் முன்னுரையில் சொன்ன எதிர்பார்ப்பு உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. 16 மில்லி விநாடி கொடுத்தால் 16 மில்லி விநாடிக்கு ஒரு முறை அழைப்பு வரும் என்று நம்புகிறோம். ஆனால் க்ளட்டின் விவரக் கையேடே அந்த எண்ணைக் கீழ்வரம்பு என்றுதான் வரையறுக்கிறது. அதாவது இந்த நேரத்துக்கு முன் கூப்பிட மாட்டேன், இது கழிந்த பின் இயன்ற விரைவில் கூப்பிடுகிறேன் என்பது மட்டுமே அதன் பொறுப்பு. மடக்கு வேறொரு வேலையில் இருந்தால் உங்கள் முறை வரும்வரை டைமர் காத்திருக்கத்தான் வேண்டும்.

இத்துடன் உங்கள் நிரலின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. க்ளட் டைமர் ஒரு பதிவுக்கு ஒரு முறைதான் கூப்பிடும். நீங்கள் அதைக் கடைசி வரியில் பதிவு செய்வதால், கணக்குக்கு ஆன நேரமும் 16 மில்லி விநாடியும் கூடியதே உண்மையான இடைவெளி ஆகிறது. உங்கள் கணினியில் மோதல் கணக்குக்கு 7 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்: இடைவெளி 23 ஆகிறது, விநாடிக்கு ஏறத்தாழ 43 அழைப்புகள், பந்து ஏறத்தாழ 217 பிக்சல் நகர்கிறது. நண்பரின் வேகமான கணினியில் அதே கணக்கு 2 மில்லி விநாடியில் முடிந்தால் இடைவெளி 18, விநாடிக்கு 55 அழைப்புக்குச் சற்று மேல், பந்து ஏறத்தாழ 278 பிக்சல் நகர்கிறது.

பதிவு செய்யும் வரியைச் செயற்கூற்றின் தொடக்கத்துக்கு மாற்றினால் கணக்கு நேரம் இடைவெளியில் சேராது. அது நல்ல மாற்றம்தான், ஆனால் முழு மருந்து அன்று. ஒவ்வோர் அழைப்பும் ஒன்றிரண்டு மில்லி விநாடி தாமதமாக வரும்போது, அடுத்த பதிவு அந்தத் தாமதமான கணத்திலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. தாமதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். இந்தத் தாமதக் குவிப்பை நிறுத்த, தொடக்க நேரத்தை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, எத்தனையாவது அழைப்போ அதைக் கொண்டு அதற்குரிய நேரத்தை நேரடியாகக் கணக்கிட வேண்டும். 1000ஐ 60ஆல் வகுத்தால் 16.67 வருகிறது, முதல் அழைப்பு 17ஆவது மில்லி விநாடியிலும், இரண்டாவது 33ஆவதிலும், மூன்றாவது 50ஆவதிலும் வர வேண்டும். க்ளட்_கெட் செயற்கூற்றிடம் கழிந்த நேரத்தைக் கேட்டு, வர வேண்டிய நேரத்திலிருந்து அதைக் கழித்து, மீதியை டைமருக்குக் கொடுங்கள். மீதி எதிர்மறையானால் சுழியம் கொடுங்கள். டைமர் முழு எண்ணையே ஏற்றாலும் 17, 16, 17 என்று மாறி மாறிக் கொடுக்கப்படுவதால் சராசரி 60ஐ விட்டு விலகாது. மாறாமல் 16 என்றே கொடுத்திருந்தால், எந்தத் தாமதமும் இல்லாத கற்பனைக் கணினியில்கூட விநாடிக்கு 62.5 அழைப்புகள் வரும்.

இவற்றை எல்லாம் விட முதன்மையான திருத்தம் வேறு. பந்தின் வேகத்தை அழைப்புக்கு 5 பிக்சல் என்று எழுதாமல் விநாடிக்கு 300 பிக்சல் என்று எழுதுங்கள். ஒவ்வோர் அழைப்பிலும் கடிகாரத்தைப் பார்த்து, முந்தைய அழைப்பிலிருந்து கழிந்த நேரத்தை விநாடியாக மாற்றி, வேகத்தோடு பெருக்கி, அந்தத் தொலைவு மட்டும் பந்தை நகர்த்துங்கள். அழைப்பு 18 மில்லி விநாடியில் வந்தாலும் 23 மில்லி விநாடியில் வந்தாலும் ஒரு விநாடியின் முடிவில் பந்து சேரும் இடம் ஒன்றாகவே இருக்கும். அழைப்புகளின் எண்ணிக்கையை நேரத்தின் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. இந்த மாற்றத்தைச் செய்யாமல் மற்றத் திருத்தங்களை மட்டும் செய்தால் சிக்கல் மறைந்திருக்குமே தவிரத் தீர்ந்திருக்காது.

இயங்குதளத்தின் பங்கும் உண்டு. விண்டோஸின் கடிகாரத் துடிப்பு வழக்கமாக விநாடிக்கு 64 முறை, அதாவது 15.625 மில்லி விநாடிக்கு ஒன்று. அந்தத் துடிப்பை நம்பியிருக்கும் காத்திருப்பு, 20 மில்லி விநாடி கேட்டாலும் 31 வரை தள்ளிப்போகக்கூடும். வரைந்ததைத் திரைக்கு அனுப்பத் திரையின் புதுப்பிப்புக்காக நிற்கும் ஸ்வாப் பஃபர்ஸ் செயற்கூறு மற்றொன்று. திரை 60 ஹெர்ட்ஸில் இயங்கும்போது, அந்தச் செயற்கூறு திரும்பிய பின் 16 மில்லி விநாடி டைமர் வைத்து, பிறகு 3 மில்லி விநாடி வரைந்தால் 19 ஆகிவிடுகிறது. 16.67இல் வந்த புதுப்பிப்பு தவறிப்போய், அடுத்ததற்காக 33 வரை நிற்க நேர்ந்து, விநாடிக்கு 30 ஃபிரேமே கிடைக்கும். திரையோடு ஒத்திசைய வேண்டிய வரைதலுக்குத் திரையின் புதுப்பிப்பையே தாளமாகக் கொள்ளுங்கள். அதன்மேல் இன்னொரு டைமரை ஏற்ற வேண்டாம்.

கேள்வி: க்ளட்டில் ஒருமுறை பதிவு செய்த டைமரை நீக்குவது எப்படி?

பதில்: நீக்க வழி இல்லை. பதிவு செய்யும்போது கூடவே ஒரு முழு எண்ணைக் கொடுக்கிறோம் அல்லவா, அது கால்பேக்குக்கு அப்படியே வந்து சேரும். நடப்பு எண் எது என்பதை ஒரு மாறியில் வைத்திருங்கள். நீக்க விரும்பும்போது அந்த மாறியை ஒன்று கூட்டுங்கள். பழைய எண்ணோடு வரும் அழைப்பு எதுவும் செய்யாமல், தன்னை மறுபடி பதிவும் செய்யாமல் திரும்பிவிட வேண்டும்.

கேள்வி: எஸ்டிஎல் லைப்ரரியின் ஆட்_டைமர் கொண்டு பதிவு செய்த கால்பேக்கில் ஓப்பன்ஜிஎல் வரைகலைக் கட்டளைகளை எழுதினேன். சில நேரம் ஒன்றும் வரையப்படுவதில்லை, சில நேரம் நிரலே முறிந்துவிடுகிறது. அதே கட்டளைகள் முதன்மை மடக்கில் சரியாக இயங்குகின்றன. ஏன்?

பதில்: முதல் இரண்டு கேள்விகளில் பார்த்த டைமர்கள் ஈவென்ட் லூப்பின் உள்ளேயே, அதன் முறை வரும்போது கூப்பிடுகின்றன. எஸ்டிஎல் டைமர் அப்படிப்பட்டதன்று. கால்பேக்கைத் தனி த்ரெட்டில், அதாவது முதன்மை மடக்கோடு இணையாக ஓடும் வேறோர் இயக்க வரிசையில், இயக்குகிறது. ஓப்பன்ஜிஎல்லின் வரைகலைச் சூழலோ, எந்தத் த்ரெட்டில் நடப்புச் சூழலாக வைக்கப்பட்டிருக்கிறதோ அந்தத் த்ரெட்டிலிருந்து வரும் கட்டளைகளை மட்டுமே ஏற்கும். உங்கள் கால்பேக் இயங்கும் த்ரெட்டில் சூழலே இல்லாததால் கட்டளைகள் வீணாகின்றன. நிரல் முறிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: முதன்மை மடக்கு பந்துகளின் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும் அதே கணத்தில் கால்பேக் அதை மாற்றினால் பாதி பழையதும் பாதி புதியதுமான தரவு கிடைக்கும். இவ்வகைப் பிழை நூறு முறை ஓட்டினால் ஒருமுறை தலைகாட்டும் என்பதால் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

கால்பேக்குக்குள் எந்த வேலையும் செய்யாதீர்கள். 'நேரம் வந்துவிட்டது' என்று சொல்லும் ஒரு பயனர் நிகழ்வை புஷ்_ஈவென்ட் மூலம் நிகழ்வு வரிசையில் இட்டுவிட்டுத் திரும்புங்கள். முதன்மை மடக்கு விசை அழுத்தத்தை எடுப்பது போலவே அதையும் எடுத்து, தன் த்ரெட்டிலேயே வரையும். கால்பேக் திருப்பித் தரும் எண்தான் அடுத்த இடைவெளி. சுழியத்தைத் தந்தால் டைமர் நின்றுவிடும். புதிய லைப்ரரி எதைத் தொட்டாலும் நான் முதலில் தேடிப் படிப்பது, அதன் கால்பேக் எந்தத் த்ரெட்டில் இயங்குகிறது என்ற ஒரு வரியைத்தான்.

கேள்வி: பைக்லெட்டில் ஒவ்வோர் எதிரியும் தன் நகர்வுச் செயற்கூற்றை ஷெட்யூல்_இன்டர்வல் மூலம் தானே பதிவு செய்துகொள்கிறது. எதிரி அழிந்ததும் பட்டியலிலிருந்து நீக்குகிறேன். ஆனாலும் அழிந்த எதிரிகள் கண்ணுக்குத் தெரியாமல் சுட்டுக்கொண்டே இருக்கின்றன. விளையாட விளையாட நிரலும் மெதுவாகிறது.

பதில்: பட்டியலிலிருந்து நீக்கினீர்கள்; கடிகாரத்திலிருந்து நீக்கவில்லை. பதிவான செயற்கூற்றைக் கடிகாரம் பிடித்து வைத்திருக்கிறது, அந்தச் செயற்கூறு தன் எதிரியைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே பைத்தானின் நினைவக மீட்பு அந்த எதிரியைப் பயன்பாட்டில் உள்ள பொருளாகவே கருதுகிறது. எதிரி அழியும் இடத்தில் அன்ஷெட்யூல் கொண்டு பதிவையும் நீக்குங்கள். பதிவு செய்யாத செயற்கூற்றை நீக்கச் சொன்னாலும் பிழைச் செய்தி எழாது என்பதால், ஐயம் வரும் இடங்களில் எல்லாம் தயங்காமல் எழுதலாம். ஆனால் அதே மென்மை ஒரு பொறியும் ஆகிறது. லாம்டாவை, அதாவது பெயரில்லாச் செயற்கூற்றை, பதிவு செய்துவிட்டு, நீக்கும் இடத்தில் அதே எழுத்துகளால் ஆன இன்னொரு லாம்டாவைக் கொடுப்பவர்கள் உண்டு. பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் அவை இரு வேறு பொருள்கள். நீக்கம் நடக்காது, பிழையென்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். லாம்டாவை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் அந்த மாறியையே கொடுங்கள்.

உங்கள் அமைப்பைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இருநூறு எதிரிகளுக்கு இருநூறு டைமர்கள் தேவையில்லை. ஒரே ஒரு செயற்கூற்றைப் பதிவு செய்து, அது உயிரோடிருக்கும் எதிரிகளின் பட்டியலை வரிசையாக நகர்த்தினால், பட்டியலிலிருந்து நீங்குவதே முழு நீக்கமாகிவிடும். எது முன், எது பின் என்ற ஒழுங்கும் உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் முறைப்படியே கழிந்த நேரத்தால் பெருக்கித்தான் பந்தை நகர்த்துகிறேன். ஆனால் மடிக்கணினியை மூடித் திறந்தாலும், சாளரத்தைச் சற்று நேரம் பிடித்து இழுத்தாலும், பந்து சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடுகிறது.

பதில்: நிரல் நிற்கும் நேரமும் கழிந்த நேரத்தில் சேர்ந்துவிடுவதால் வரும் சிக்கல் இது. விநாடிக்கு 300 பிக்சல் ஓடும் பந்துக்கு 4 விநாடி இடைவெளி வந்தால், அது ஒரே தாவலில் 1200 பிக்சல் போகிறது. நடுவில் சுவர் இருந்ததைப் பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

தீர்வு இரண்டு பகுதிகள் கொண்டது. முதலில், கழிந்த நேரத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், 0.25 விநாடிக்கு மேல் வந்தால் 0.25 என்றே கொள்ளுங்கள். பிறகு அந்த நேரத்தை அப்படியே கணக்கில் செலுத்தாமல் ஒரு சேமிப்பு மாறியில் கூட்டுங்கள். சேமிப்பில் 120இல் ஒரு பங்கு விநாடி இருக்கும்வரை, அந்த அளவு நேரத்தைக் கழித்து, பந்தை அந்த நேரத்துக்கு மட்டும் நகர்த்தி, மோதலைச் சோதியுங்கள். மீதி அடுத்த ஃபிரேமுக்குச் சேமிப்பில் தங்கட்டும். ஒவ்வோர் எட்டும் (ஒருமுறை நகர்த்தும் அடி) 2.5 பிக்சலே என்பதால் சுவர் தவறாது. கணக்கின் எட்டு எப்போதும் ஒரே அளவாக இருப்பதால், 60 ஹெர்ட்ஸ் திரையிலும் 144 ஹெர்ட்ஸ் திரையிலும் மோதல்கள் ஒரே விதமாக நடக்கும். வரையும்போது பந்து நுண்மையாக அதிர்வதாகத் தோன்றினால், சேமிப்பின் மீதி எவ்வளவோ அந்த விகிதத்தில் முந்தைய இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் நடுவே வைத்து வரையுங்கள்.

உச்சவரம்பை விட்டுவிடக் கூடாது. ஓர் எட்டுக்கான கணக்கு அந்த எட்டின் நேரத்தைவிட அதிகம் பிடிக்கும் மெதுவான கணினியில், ஒவ்வொரு ஃபிரேமும் முந்தையதைவிடக் கூடுதல் எட்டுகளைக் கேட்கும்; நிரல் மீளவே முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: கண்காட்சி ஒன்றுக்காக இடைவிடாமல் ஓடும் அலை அசைவை உருவாக்கினோம். தொடங்கிய நேரத்திலிருந்து கழிந்த விநாடிகளை ஷேடருக்கு (வரைகலைச் சில்லில் ஓடும் சிறு நிரல்) அனுப்புகிறோம். முதல் நாள் வழவழப்பாக ஓடியது. இரண்டாம் நாள் பிற்பகலில் திக்கித் திக்கி ஓடுகிறது. நிரலை நிறுத்தித் தொடங்கினால் சரியாகிவிடுகிறது. டைமரில் கோளாறா?

பதில்: டைமர் நன்றாகவே இருக்கிறது; நேரத்தை வைத்திருக்கும் எண்ணின் துல்லியம்தான் தீர்ந்துவிட்டது. ஷேடரின் வழக்கமான தசம எண் 32 பிட் அளவுள்ளது, அதில் துல்லியத்துக்குக் கிடைப்பவை 24 பிட்டுகள். மதிப்பு பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்துக் குறிக்கக்கூடிய இரு எண்களின் இடைவெளியும் பெரிதாகிறது. 16,384 விநாடி, அதாவது நாலரை மணி நேரம் தாண்டியதும் அந்த இடைவெளி ஏறத்தாழ 2 மில்லி விநாடி. 1,31,072 விநாடி, அதாவது 36 மணி 24 நிமிடம் தாண்டியதும் 15.6 மில்லி விநாடி. ஏறத்தாழ ஒரு முழு ஃபிரேம். நீங்கள் அனுப்பும் நேரம் அருகிலுள்ள படிக்குத் தள்ளப்படுவதால், சில ஃபிரேமில் அலை நகராமல் நிற்கிறது, சிலவற்றில் இரு மடங்கு தாவுகிறது. சிக்கல் இரண்டாம் நாளில் தலைகாட்டியது இதனோடு பொருந்துகிறது.

நேரத்தை உங்கள் நிரலில் 64 பிட் எண்ணாக வைத்திருங்கள். அலை 20 விநாடிக்கு ஒருமுறை தொடங்கிய இடத்துக்கே வருகிறது என்றால், கழிந்த நேரத்தை 20ஆல் வகுத்த மீதியை மட்டும் ஷேடருக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் 0.1 போன்ற எண்ணைக் கூட்டிக் கூட்டி நேரத்தை உருவாக்கும் முறையையும் தவிர்க்க வேண்டும். இரும எண்களில் 0.1ஐத் துல்லியமாக எழுத முடியாது. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தளம் வந்த ஏவுகணையைத் தடுக்கத் தவறி 28 பேர் இறந்ததற்கு, பத்தில் ஒரு விநாடியை 24 பிட்டில் வைத்த வெட்டுப்பிழை 100 மணி நேர ஓட்டத்தில் 0.34 விநாடியாக வளர்ந்திருந்ததே காரணம். மூன்றில் ஒரு விநாடி என்பது சிறிய அளவன்று.

உங்கள் நிரல் மாதக்கணக்கில் ஓட வேண்டியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். மில்லி விநாடியை 32 பிட் குறியற்ற முழு எண்ணாகத் தரும் கடிகாரங்கள் 49 நாள் 17 மணி நேரம் கடந்ததும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். 'இப்போதைய நேரம், தொடக்கத்தோடு இடைவெளியைக் கூட்டியதைவிடப் பெரிதா' என்று கேட்கும் நிரல் அன்று தவறும். 'இப்போதைய நேரத்திலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் இடைவெளியைவிடப் பெரிதா' என்று கேட்பது, குறியற்ற கழித்தல் தானே சுற்றி வருவதால், தவறாது.

இவற்றைச் சோதிக்க இரண்டு நாளோ ஐம்பது நாளோ காத்திருக்க வேண்டியதில்லை. கடிகாரத்தை நேரடியாகப் படிக்காமல், அதைப் படித்துத் தரும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதி, நிரல் முழுவதும் அதையே கூப்பிடுங்கள். சோதனையின்போது அது உண்மை நேரத்தோடு 40 மணி நேரத்தைக் கூட்டித் தரட்டும். அலை திக்குகிறதா என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.